புகழ்ந்தே கரை உடைத்த பாவை

செவ்வாற்றின் இருகரையும் காக்கும் நீர்மங்கலத்து அரசி கயல்மாதேவி விடுக்கும் ஓலை. கற்கோட்டத்து மன்னர் வில்லவராயர் கண்டு தெளிக. உம் குடிகள் நலமுற வாழ்க. உமக்கு வாழ்த்து எழுத எம் எழுத்தாணி இசையவில்லை.

செவ்வாற்றுக்கு நாம் புதுக்கரை கட்டுவதறிந்து, பணியாளர்க்கு ஊக்கமூட்டும் என்று சொல்லி, பேசும் வெண்கலப் பாவையொன்றைப் பரிசாக அனுப்பினீர். அது ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, உன்னைப்போல் உழைப்பார் இல்லை என்று தேன்குரலில் புகழ்ந்தபோது, எம் மக்கள் மகிழ்ந்து மண் சுமந்தது மெய்யே. ஆனால் களிமண்ணை மிதித்து இறுக்கியவனையும், வெறும் மணலைக் கொட்டிவிட்டு நிழலுக்குப் போனவனையும் அது ஒரே சொல்லால் புகழ்ந்தது. நன்கு உழைத்தோர் மனம் தளர்ந்தனர். மற்றோர் மணல் கொட்டுவதையே வேலையெனக் கொண்டனர்.

கரைப்பணித் தலைவி எயினி குறை கண்டு இடித்துரைத்தாள். பாவையே குறை சொல்லவில்லை, உனக்கு மட்டும் என்ன கடுகடுப்பு என்று அவர்கள் சிரித்தனர். அவள் எம் அவைக்கு வந்து, “தாயே, அதற்கு எங்கள் பெயர் தெரியும், வேலை தெரியாது, அதன் வாயை அடைத்துத் தாருங்கள்” என்று முறையிட்டாள். நாம் ஆணையிடுமுன் மழை முந்திக்கொண்டது.

மணல் கொட்டிய இடத்தில் கரை உடைந்தது. கீழ்ச்சேரியை வெள்ளம் கொண்டது. உடைப்பை அடைக்க இறங்கிய எயினியின் கணவன் மீளவில்லை. அவனைப் பிணமாகக் கரையேற்றியோரிடமும் நன்று செய்தீர் என்றது உம் பாவை. எயினி மண்வெட்டியை ஓங்கினாள், பின் தாழ்த்தி, “உடைக்க வேண்டாம். அனுப்பியவரிடமே போகட்டும்” என்றாள்.

பாவையோடு வந்த உம் கொல்லனை விசாரித்தோம். குறையைக் குறையென்று சொல்லும் பொறியை அவன் அமைத்திருந்ததாகவும், அதைக் கழற்றச் சொன்னவர் நீரே என்றும் ஒப்புக்கொண்டான். இனி உம்மோடு நட்பில்லை.

இன்று எயினி கரை நெடுக நடந்து, நல்லதை நல்லதென்றும் கெட்டதைக் கெட்டதென்றும் சொல்கிறாள். அவளைப் பார்த்துச் சிரித்தவர்களே தாம் கொட்டிய மணலைத் தாமே வாரி எறிகின்றனர்.

எயினி சொன்னபடியே பாவையை வணிகர் வண்டியில் அனுப்பினோம். அது உம் எல்லைக் கோட்டை வாயிலில் நின்று, உறங்கும் காவலரையும் உன்னைப்போல் விழித்திருப்பார் இல்லை என்று புகழ்ந்துகொண்டிருப்பதாக ஒற்றர் சொல்கின்றனர். இவ்வோலை உம் கைக்கு எட்டும்போது எம் குதிரைப்படை அக்கோட்டைக்குள் இருக்கும்.

நாரை இலச்சினை பொறித்து ஆணையிடுகிறோம்: கீழ்ச்சேரியின் அழிவுக்கு ஈடு பேச அக்கோட்டைக்கு நீரே வருக. வாயிலில் எம் வீரர் நிற்பர். உம்மை யாரும் புகழமாட்டார்.