பழைய ஹெட்போனும் அண்ணியின் துண்டும்

ஜூன் 3, செவ்வாய்

காலையில் ஸ்டுடியோக்காரர் போன் செய்தார். அவர் கூப்பிட்டால் ஒன்று புதுப் புத்தகம் வந்திருக்கும், இல்லையென்றால் பழைய புத்தகத்தில் என் மானம் போயிருக்கும். இன்று மானம். போன மாதம் நான் கேட்டுச் சரிபார்த்து அனுப்பிய ஒலிப்புத்தகத்தில், கதாநாயகி உயிரை விடுகிற இடத்தில், வாசித்தவரின் வயிறு கடமுடவென்று உருண்டிருக்கிறது. அது அந்தம்மாவின் உயிர் பிரிந்த சத்தமா என்று ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறாராம்.

என் பிழைப்பே இதுதான். பக்கத்தைக் கண்ணால் படித்துக்கொண்டே பதிவைக் காதால் கேட்டு, எங்கே வார்த்தையை விழுங்கினார், எங்கே இருமினார், எங்கே வெளியே லாரி போனது என்று பிடித்துக் கொடுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அந்த வரியை மட்டும் திருப்பி மூன்று தடவை ஓடவிடுவேன். வம்பு கேட்கவென்றே படைக்கப்பட்ட காது எனக்கு. அதற்குச் சம்பளமும் கிடைப்பது பூர்வஜென்மப் புண்ணியம்.

"அக்கா, ஒங்க காதுல தப்பில்ல. காதுல மாட்டியிருக்கறதுலதான் தப்பு. மாத்திருங்க."

"நல்லாத்தானே வேலை செய்யுது."

"செய்யுது. இன்னொரு வயிறு உருண்டா முதலாளி வேற ஆளப் பாத்துருவாரு. அப்போ அது மட்டும் வேலை செஞ்சுட்டு இருக்கும்."

வாஸ்தவம்தான். ஹெட்போனின் பஞ்சு முழுக்க உரிந்துவிட்டது. கழற்றினால் காதில் கருப்புச் செதில் ஒட்டியிருக்கும். வீட்டுக்காரருடைய பழைய காலுறையை வெட்டி உறை போட்டிருக்கிறேன் (துவைத்த பிறகுதான்). காதோடு ஒட்டாததால் சத்தத்தை முக்கால்வாசிக்கு ஏற்றி வைத்தால்தான் கேட்கும். ஆனாலும் பாடுபடுகிறது. வேலை செய்கிற ஒன்றை எப்படித் தூக்கி எறிவது? அப்படிப் பார்த்தால் இந்த வீட்டில் முதலில் நானல்லவா போக வேண்டும்.

போனை வைத்ததும் பின்னாலிருந்து அண்ணியின் குரல். "பூட்டு புதுசா இருந்தா வீடு பத்திரம்னு அர்த்தமில்ல." பிறகு அதையே இன்னொரு தடவை. பிறகு இன்னொரு தடவை. அண்ணி பழமொழி சொன்னால் ஏலம் விடுவது போலத்தான்: ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்.

ஜூன் 4, புதன்

அண்ணியைப் பற்றி எழுதாவிட்டால் இன்று தூக்கம் வராது.

என் கணவருக்கு அக்கா, எனக்கு நாத்தனார்; நான் கூப்பிடுவது அண்ணி என்று. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள், வாசம் ஒத்துக்கொள்ளவில்லை, நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தார். மூன்று வருஷம் ஆகிறது. பெயிண்ட் காய எவ்வளவு நாள் ஆகும் என்று இவரைத்தான் கேட்க வேண்டும், பெயிண்ட் கடையில் வேலை பார்ப்பவர் இவர். ஆனால் அந்த விஷயத்தில் மட்டும் வாய் திறக்கமாட்டார்.

மதியம் நான் பின்னறையில் வேலைக்கு உட்கார்ந்ததும் அண்ணி ஒரு துண்டோடு வருவார். இஸ்திரி மேஜைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மடிப்பார். ஒரே துண்டு. மடித்து, பிரித்து, நீவி, மறுபடி மடித்து… ஒரு அத்தியாயம் முடியும் வரை ஒரு துண்டு. நான் வேலை செய்கிறேனா, காதை மூடிக்கொண்டு தூங்குகிறேனா என்று கண்காணிப்பு. இவரிடம் நான் அவருக்கு வைத்திருக்கும் பெயர் கேமரா.

ஜூன் 5, வியாழன்

ஸ்டுடியோக்காரர் ஒரு புது ஹெட்போன் கொடுத்துவிட்டார். "பத்துப் பன்னெண்டு நாள் வெச்சுப் பாருங்கக்கா. புடிச்சா வாங்கிக்கங்க, இல்லன்னா குடுத்துருங்க." விலையைக் கேட்டேன். நல்லவேளை, உட்கார்ந்துதான் இருந்தேன்.

மதியம் மாட்டினேன்.

எப்படி எழுதுவது. மாட்டியவுடன் முதலில் வீடு காணாமல் போனது. மின்விசிறி இல்லை, குழாய் இல்லை, மேல்வீட்டில் நாற்காலியை இழுக்கிறவர் இல்லை. நடுக்கூடத்தில் ஒரு கிணறு வெட்டி என்னை மெதுவாக உள்ளே இறக்கியது போல ஒரு அமைதி. அப்புறம் அதன் அடியிலிருந்து ஒரு மனிதர் மூச்சு இழுத்தார்.

இப்போது ஓடுவது ஒரு பெரிய நாவல். ஒரு பெண் டாக்டர் பல வருஷம் கழித்துத் தன் வீட்டுக்குத் திரும்பி வருகிறாள், அங்கே எல்லா அறையிலும் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். வாசிப்பவரை நான் வெண்கலத் தொண்டை என்பேன், எத்தனையோ புத்தகமாகப் பழக்கம். பழக்கம் என்றா சொன்னேன்? இன்றைக்குத்தான் அந்த மனிதரைச் சந்தித்தேன். சட்டைப் பொத்தான் மேஜையில் இடிக்கிறது. நாக்கு அண்ணத்தை விட்டுப் பிரிவது கேட்கிறது. டாக்டரின் பெயர் வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு துளி தயங்குகிறார். பதினான்காம் அத்தியாயத்தின் நடுவில், அவர் இருந்த கட்டடத்துக்கு வெளியே எங்கோ மழை பிடிக்கிறது. அவருக்கே தெரிந்திருக்காது. இரண்டு பக்கம் பெய்து நிற்கிறது.

இத்தனை காலம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று மழை பார்த்திருக்கிறேன். இன்றைக்குக் கையை வெளியே நீட்டினேன்.

ஜூன் 6, வெள்ளி

அண்ணி கூப்பிட்டது காதில் விழவேயில்லை. இந்த ஒரு வசதிக்கே கேட்கிற விலையைக் கொடுக்கலாம்.

ஜூன் 8, ஞாயிறு

அண்ணிக்கு என்னவோ ஆகிவிட்டது. துண்டோடு வந்தார், உட்கார்ந்தார், கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விட்டார். நேற்றும் அப்படியே. கேமரா பழுது என்று இவரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை.

சாப்பிடும்போது அண்ணி கேட்டார். "அத மாட்டிட்டா ஒனக்கு வெளிய நடக்கறது ஒண்ணும் கேக்காதாம்மா?"

"கேக்காது அண்ணி."

"உள்ள நடக்கறதும் வெளிய ஒண்ணும் வர மாட்டேங்குது."

இது என்ன புகார்? அக்கறையா, குத்தலா? அண்ணியிடம் இரண்டும் ஒரே பாத்திரத்தில்தான் வரும்.

ஜூன் 10, செவ்வாய்

குழம்பை ஊற்றிக்கொண்டே, உப்பு கேட்கிற மாதிரி அண்ணி சொன்னார். "ஞாயித்துக்கெழம நான் என் வீட்டுக்குப் போறேன்."

இவர் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. "ஏங்க்கா, திடீர்னு?"

"பெயிண்ட் காஞ்சிருக்கும்."

"அது காஞ்சு…" என்று ஆரம்பித்து என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "இங்க என்னக்கா கொறை?"

"கொறை ஒண்ணுமில்லடா. மத்தியானம்தான் ரொம்ப நீளமா இருக்கு."

எத்தனை நாள் வேண்டுதல். சந்தோஷப்பட ஆரம்பித்தேன், பாதியில் எங்கேயோ சிக்கிக்கொண்டது. நான் ஏதாவது சொல்லிவிட்டேனா? சொன்னதெல்லாம் மூன்று வருஷமாகச் சொல்வதுதானே. அதற்கெல்லாம் அசையாத மனுஷி இப்ப எதுக்குக் கெளம்பணும்?

ஜூன் 11, புதன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

புதுசை வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்க, முன்பு முடித்த ஒரு புத்தகத்தின் திருத்தாத பதிவை எடுத்தேன். கொஞ்ச நேரம் பழசு, கொஞ்ச நேரம் புதுசு என்று மாற்றி மாற்றி மாட்டி, ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். புதுசில், தூரத்தில் ஒரு லாரி ஹாரன். அதற்கு முன்னால் வெண்கலத் தொண்டை நிதானமாக ஒரு வரி சொல்கிறார்:

"பூட்டு புதிதாக இருந்தால் வீடு பத்திரம் என்று அர்த்தமில்லை."

நிறுத்தினேன். திருப்பினேன். அதேதான். அண்ணியின் பழமொழி.

லாரி ஹாரனுக்காக அந்த வரியை அன்றைக்கு நான் மூன்று தடவை ஓட்டியிருப்பேன்.

அடுத்து, அவர் இருமுகிற இடம் ஒன்று ஞாபகம் வந்து தேடிப் போனேன். "விளக்கை அணைத்தவன்தான் இருட்டைப் பற்றி அதிகம் பேசுவான்." இதை அண்ணி போன வருஷம் இவரைத்தான் சொன்னார், மூன்று தரம். நான் பக்கத்தில் நின்று, என்ன பாட்டி காலத்துப் பழமொழியோ என்று நினைத்தேன். நான் கேட்டு, காசு வாங்கிய வரி. எனக்கு இருமல் மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

ஆனால் எப்படி? பழைய ஹெட்போனை மேஜைமேல் கழற்றி வைத்தேன், வழக்கமான சத்தத்தில் ஓடவிட்டேன், போய் அண்ணியின் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

கேட்கிறது. ஐயோ, அவ்வளவும் கேட்கிறது. தீப்பெட்டிக்குள் யாரோ உட்கார்ந்து கதை சொல்வது மாதிரி, மெலிசாக, ஆனால் ஒரு எழுத்து சிந்தாமல். கையில் ஏதாவது இல்லாவிட்டால் கொட்டாவி வரும், அதனால்தான் துண்டு. காது எந்தப் பக்கம் சாய வேண்டும் என்றுகூட அந்த நாற்காலிக்குத் தெரிந்திருக்கிறது, லேசாகத் திருப்பித்தான் போட்டிருக்கிறார். மூன்று வருஷமாக நான் முடித்த அத்தனை புத்தகத்தையும் அந்த மனுஷி என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து முடித்திருக்கிறார். நான் தப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கதையைக் கேட்டது அவர்.

அங்கேயே உட்கார்ந்திருந்தேன், இவர் கடையிலிருந்து வந்து "என்ன, எடம் மாறி உக்காந்திருக்க?" என்று கேட்கும் வரை.

டாக்டர் வீடு திரும்பிய இடத்தில் நான் புதுசை மாட்டிக் காதை மூடிவிட்டேன். பதினான்காம் அத்தியாயம். யாரோ கதவைத் தட்டுகிறார்கள், யார் என்று அண்ணிக்குத் தெரியாது. மத்தியானம் ஏன் நீளாது?

ஜூன் 12, வியாழன்

காலையில் இவரிடம் சொன்னேன். "ஸ்பீக்கர்ல போட்டுடலாமே" என்றார். ஆண்பிள்ளை யோசனை. குடுத்தா வாங்கிக்கற ஆளா அவங்க? எக்ஸ்சேஞ்சில் ஆயுசெல்லாம் ஊர்ப்பேச்சு காதில் விழுந்தும் விழாத மாதிரி உட்கார்ந்தவர். 'நீங்க ஒட்டுக்கேக்கறது தெரிஞ்சு போச்சு அண்ணி, இந்தாங்க, தாராளமாக் கேளுங்க' என்று நீட்டினால் அன்றைக்கே பெட்டி கட்டுவார். தெரியாத மாதிரி கொடுப்பதைத் தெரியாத மாதிரி வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான்.

மதியம், கூடத்துக்குக் கேட்கிற மாதிரி யாரையும் கூப்பிடாமல் வெறும் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசினேன். "என்ன சார், பதினாலுல இருந்து மறுபடியும் கேக்கணுமா? சரி சார், பழசுலயே கேக்கறேன்." எதிர்முனையில் ஸ்டுடியோக்காரர் இருந்திருந்தால் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

பழசை மாட்டினேன், காலுறை உறையோடு. சத்தத்தை முக்காலுக்கும் கொஞ்சம் மேலே ஏற்றினேன். காது கொய்ங் என்றது. திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலி கிறீச்சிட்டது மட்டும் ஓட்டை ஹெட்போன் வழியே நன்றாகவே கேட்டது.

கதவு தட்டப்பட்டது. வந்தது யார் என்று தெரிந்தது. பின்னால் "ம்" என்று ஒரு சின்ன சத்தம். அத்தியாயம் முடிந்தது. வெண்கலத் தொண்டை இன்று ஒரு தப்பும் விடவில்லை, நானும் எங்கும் திருப்பவில்லை. ஹெட்போனைக் கழற்றினேன்.

அண்ணி துண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என்னம்மா, இன்னிக்கு முக்கியமான வரி ஒண்ணுகூட இல்லையா?"

"என்ன வரி அண்ணி?"

"அதான். முக்கியமானத மூணு தடவ சொல்வாரே அந்த ஆளு."

சொன்ன பிறகுதான், என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது. துண்டு அப்படியே நின்றது. சிரிப்பை மறைக்க நான் குனிந்து ஹெட்போன் வயரை நேராக்கினேன். இருமலும் லாரியும் விழுந்த வரிகளையெல்லாம் பொறுக்கியெடுத்து, இதுதான் முக்கியம் போல என்று மனசில் வைத்து, மூன்று தரம் சொல்லி எங்களை வழிநடத்தியிருக்கிறார். தப்பான இடங்களில் இருந்து ஒரு வேதமே சேர்த்து வைத்திருக்கிறார். அதில் ஒன்றுகூடச் சோடை போனதில்லை.

திருத்த வாய் வரவில்லை. "இனிமேதான் வரும் அண்ணி, உக்காருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டேன்.

பதினைந்தாம் அத்தியாயத்தின் பாதியில், டாக்டர் மறுபடி கிளம்பப் போகிறாள். அந்த வீட்டில் குடியிருக்கும் தையல்காரர் சொல்கிறார்: "போகிறேன் என்றவர் செருப்பை மெதுவாகத் தேடினால், உட்காருங்கள் என்று ஒருவராவது சொல்ல வேண்டும்."

பதிவில் ஒரு குறையும் இல்லை. சுத்தமான வரி. திருப்பினேன். இன்னொரு தடவை திருப்பினேன். மூன்று தரம்.

ஒரு தப்பும் இல்லாத வரியை நான் திருப்பிக் கேட்டது இந்த வேலையில் இதுதான் முதல் தடவை.

பின்னால் துண்டு நீவுகிற சத்தம் நின்றுவிட்டது.

ஜூன் 14, சனி

பெட்டி கட்டிலுக்கு மேலே ஏறியிருக்கிறது. மூடவில்லை. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

காலைக் காப்பி. இவர் தலை குனிந்து காப்பிக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"டேய்," என்றார் அண்ணி, "அந்த வீட்டுச் செவுத்துல மறுபடியும் பொரிஞ்சிருக்கும்னு நெனைக்கறேன். திரும்ப ஒரு தடவ வெள்ளையடிச்சிரணும்."

இவர் நிமிர்ந்தார். "அடிச்சிரலாங்க்கா. நம்ம கடையில இப்ப புதுசா ஒண்ணு வந்திருக்கு. காய ரொம்ப நாளாகும்."

பெயிண்ட் கடைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டதில் எனக்கு முதல்முறையாகப் பெருமையாக இருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

புதுசை வாங்கிவிட்டேன். வயிறு உருண்டால் பிழைப்பு போய்விடும், வேறு வழியில்லை. ஒரே நேரத்தில் இரண்டு ஹெட்போனைச் சொருகுகிற ஒரு சின்ன வயரும் கேட்டேன்.

"எதுக்குக்கா? பழசத் தூக்கிப் போடலையா?"

"அது இன்னும் வேலை செய்யுது" என்றேன். புரியாவிட்டாலும் கொடுத்தார். நல்ல பிள்ளை.

ஜூன் 20, வெள்ளி

புதுசு என் காதில், அதற்கென்று தனியாகச் சத்தத்தைக் குறைக்கும் குமிழ். பழசு காலுறை உறை இல்லாமல் மேஜையின் ஓரத்தில், நாற்காலியைப் பார்த்து. இதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இருபதாம் அத்தியாயம். மழை மறுபடி வந்தது, எனக்கு மட்டும் கேட்கிற அந்த மழை. திருப்பி மூன்று தடவை ஓடவிட்டேன். பழசில் அது வராது, தெரியும். ஆனாலும் திரும்பிப் பார்த்தேன்.

நாற்காலி மேஜைக்குப் பக்கத்தில் வந்திருந்தது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்று துண்டு எடுத்து வரவில்லை.