தவளை வாய் வழியே வந்த சிக்னல்

இன்று காலை ஐந்தருவிச் சாலையில் இருக்கும் அந்த விடுதித் தோட்டத்துக்கு பேட்டரி மாற்றப் போயிருந்தேன். இஞ்சிப்பூப் பாத்தியில் உட்கார்ந்திருக்கும் உன் முதல் கல்தவளையை இரண்டு கையாலும் பிடித்துச் சரித்தேன். ஈர மண்ணும் கருங்கல்லும் கலந்த வாசனை குப்பென்று வந்தது. அதனடியில் இருக்கும் சென்சாரின் பழைய பேட்டரியைக் கழற்றும்போது டார்ச் வெளிச்சத்தில் தவளையின் உட்புறத்தைப் பார்த்தேன். மண்ணைப் பார்த்துக் கவிழ்ந்தே கிடக்கப் போகிற பகுதி அது. அதையும் நீ வரிவரியாக உளி ஓட்டி, கை வைத்தால் வழுக்குகிற மாதிரி முடித்திருக்கிறாய். இத்தனை வருடத்தில் இன்றைக்குத்தான் எனக்கு அது கண்ணில் பட்டது. பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் பேச வேண்டும்போல் இருந்தது.

தென்காசியில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து நாம் ஒரே பெஞ்சு. நான் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்து, கல்யாணமாகி, கடைசியில் இலஞ்சிப் பக்கம் செடி நர்சரி போட்டேன். நீ உன் அப்பாவின் கல்பட்டறையிலேயே உளியை எடுத்துக்கொண்டாய். அப்பா போன பிறகு நீயும் உன் தம்பி கணேசனும் அம்மி, ஆட்டுக்கல், எப்போதாவது கோவில் வேலை என்று ஓட்டிக்கொண்டிருந்தீர்கள்.

அந்த வருடம் எனக்கு விடுதித் தோட்டத்து வேலை கிடைத்தது. சாரல் அடிக்கிறதே என்று தோட்டக்காரர் தண்ணீரை நிறுத்திவிடுவார், செடி வாடும். வெயில் அடிக்கிறதே என்று திறந்துவிடுவார், வேர் அழுகும். குற்றாலத்துச் சாரல் இலையை நனைத்துவிட்டுப் போய்விடும், வேருக்கு இறங்கியதா என்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது. அதனால் மண்ணுக்குள் ஈரம் அளக்கும் சென்சார்களைப் பதித்தேன். மண் காய்ந்தால் வால்வு தானாகத் திறக்கும், நனைந்தால் மூடும், எல்லாம் போனில் தெரியும். மேனேஜர் மகிழ்ந்துபோனார். ஆனால் அந்த மகிழ்ச்சிக்கு இரண்டு நாள்தான் ஆயுள்.

மூன்றாம் நாள் குரங்குகள் வந்தன. சென்சார்களின் மேலிருந்த வெள்ளை பிளாஸ்டிக் பெட்டிகளைத் தின்பண்டம் என்று நினைத்தனவோ என்னவோ, ஒன்று விடாமல் பிய்த்து, கடித்து, வயரை உருவி மரத்தில் தொங்கவிட்டுப் போய்விட்டன. இரும்புக் கூண்டு போட்டேன். அதையும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கின. சீசன் தொடங்க மூன்று வாரம்தான் இருந்தது. "இந்த வாரத்துக்குள்ள சரியாகலன்னா வேற ஆளைப் பாத்துக்கிடுதோம் மேடம்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

கடித்துக் குதறிய பெட்டி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு உன் பட்டறைக்கு வந்தேன். உதவி கேட்க வரவில்லை, புலம்பத்தான் வந்தேன். அங்கே உனக்கும் கணேசனுக்கும் பேச்சு தடித்திருந்தது. இடத்தைக் கார் கழுவும் கடைக்கு வாடகைக்கு விட அவன் பத்திரம் தயார் செய்து வைத்திருந்தான். உன் கையெழுத்துதான் பாக்கி.

"மிக்சி வந்தப்புறம் அம்மிய யாரு வாங்குதா அக்கா? நீயே சொல்லு" என்றான்.

நீ என் பக்கம் திரும்பினாய். என் பையிலிருந்து பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "என்னட்டி இது, நாய் கடிச்ச செருப்பு மாதிரி இருக்கு?" என்றாய். நான் சொல்லி முடித்ததும் சிரித்தாய். "பிளாஸ்டிக்கக் கடிக்கும், கம்பியப் பிடுங்கும். கல்ல என்னட்டி பண்ணும்?"

அன்று சாயங்காலமே ஒரு கருங்கல்லில் சுண்ணாம்பால் தவளை வரைந்துவிட்டாய். வயிற்றைக் குடைந்து பெட்டியின் மேல் மூடிபோலக் கவிழ்த்துவிடலாம் என்பது உன் யோசனை. நான்கு நாள் கொத்தினாய். கண்ணை மட்டும் கடைசிவரை தொடவில்லை. "சாமி சிலை இல்லியேட்டி, கண்ண இப்பமே போட்டா என்ன?" என்று கேட்டேன். "எதுவா இருந்தாலும் கண்ணு கடைசிலதான்" என்று முடித்துக்கொண்டாய்.

ஐந்தாம் நாள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். சென்சாரின் மேல் தவளையை உட்கார வைத்தோம். போனைப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. சிக்னல் செத்துவிட்டது. நான்கு பக்கமும் கல், அடியில் மண், ரேடியோ அலை எங்கே போகும்? படித்த எனக்கு அது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது.

நீ தலையில் கைவைத்து உட்காரவில்லை. "அது வெளிய வர எவ்வளவு வழி வேணும்?" என்று கேட்டாய். விரலைக் காட்டினேன். தவளையை மடியில் சாய்த்துக்கொண்டு அங்கேயே, புல்தரையில் உட்கார்ந்து, வாயைத் திறக்க ஆரம்பித்தாய். விடுதி விருந்தினர்கள் வந்து சுற்றி நின்றுவிட்டார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் எனக்குத்தான் பயம், ஒரு அடி பிசகினால் தாடை உடைந்துவிடும். இரண்டு மணி நேரத்தில் தவளை வாயைப் பிளந்து சிரித்தது. ஆன்டெனாக் கம்பியை வளைத்து உதட்டோரம் வரை கொண்டுவந்து வைத்தேன்.

போனில் எண் வந்தது! ஈரம் நாற்பத்தொன்று. "வந்துட்டு! ஏட்டி, வந்துட்டு!" என்று கத்தினேன். நீ எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாய். நாற்பது வயதைத் தாண்டிய இரண்டு பெண்கள் விடுதிப் புல்தரையில் குதித்ததை அந்த மேனேஜர் இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

மறுநாள் குரங்குகள் வந்தன. நாம் படிக்கட்டில் ஒளிந்திருந்து பார்த்தோம். பெரியது ஒன்று தவளையை அசைத்துப் பார்த்தது, வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தது. பிறகு அதன் தலைமேல் ஏறி உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டது. நீ என் தோளைக் கிள்ளியதில் இரண்டு நாள் கன்றிக் கிடந்தது.

அதன் பிறகுதான் நாம் சண்டை போட்டோம். தோட்டம் முழுவதற்கும் இதேபோல் நாற்பது வேண்டும் என்றார் மேனேஜர். சீசனுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. சிமெண்டில் அச்சு எடுத்தால் சீக்கிரம் முடியுமே என்றார். நானும் தலையாட்டிவிட்டு உன்னிடம் வந்து சொன்னேன். நீ சுத்தியலைக் கீழே வைத்தாய்.

"என் தவளைக்கு நகல் எடுக்கவா வந்த?"

"ஏட்டி, நாள் இல்லட்டி. ஒரு ஆளு நாப்பது எப்படிச் செய்வ?"

"ஒரு ஆளுன்னு யாரு சொன்னா?"

நீ அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டு கீழப்பாவூருக்கு பஸ் ஏறினாய். தெருத்தெருவாக அம்மி கொத்திக்கொண்டிருந்து, வேலையில்லாமல் வீட்டில் இருந்த இரண்டு பெண்களைக் கூட்டி வந்தாய். தவளை எல்லா இடத்துக்கும் வேண்டாம், செடி மறைக்கும் இடத்துக்கு வாய் திறந்த உருண்டைக் கல் போதும் என்று முடிவெடுத்தாய். உருண்டைகள் அவர்களுக்கு, தவளைகள் உனக்கு. மூன்றாம் நாள் கணேசனும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உளியோடு வந்து உட்கார்ந்தான். சீசனின் முதல் ஞாயிறு, நாற்பதாவது கல்லை வைத்தோம். அந்தப் பத்திரம் என்ன ஆனது என்று கணேசனிடம் கேட்டேன். "அடுப்புல போட்டுட்டேன்" என்றான்.

அதைப் பார்த்துப் போனவர்கள் ஆலங்குளத்திலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் கேட்டு வந்தார்கள். ஆமை கேட்டார்கள், மயில் கேட்டார்கள். ஒருவர் குரங்கே வேண்டும் என்றார், நீ மறுத்துவிட்டாய்.

உனக்கு நோய் என்று தெரிந்தபோது நீயும் நானும் அதைப்பற்றி அதிகம் பேசவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் போனை வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு தோட்டமாகத் திறந்து பார்ப்பாய். "அந்த ஆமை இன்னிக்குத் தண்ணி குடிக்கல பாரு" என்பாய். வால்வு அடைத்திருப்பது எனக்கு முன்னால் உனக்குத் தெரிந்துவிடும். நான் ஓடிப்போய்ச் சரிசெய்துவிட்டு வந்து சொன்னால், "சரி, இனி தூங்குதேன்" என்பாய்.

நீ இல்லாத பட்டறையில் போன வாரம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கீழப்பாவூர்ப் பக்கம் ஒரு நந்தவனத்துக்கு வேலை வந்திருக்கிறது. அதற்காக கணேசன் யார் உதவியும் இல்லாமல் அன்னம் ஒன்று செதுக்கியிருந்தான். "சரியா இருக்காக்கா?" என்றான். எனக்கு உளி பிடிக்கவே தெரியாது. இருந்தும் என் கை தானாகப் போய், அதன் அலகு முதல் வால் வரை தடவிப் பார்த்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கூர் விளிம்பு, அலகுக்கு அடியில் விரலில் தட்டியது. "இங்கன வயர் அறுபடும், கொஞ்சம் எடுத்துவிடு" என்றேன். கணேசன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா தடவுத மாதிரியே தடவுதீங்க" என்றான்.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இத்தனை வருடம் உன் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததில், உன் கை என் கைக்குள் வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டுதான் நாளைக்கு நந்தவனத்துக்குப் போகிறேன்.