கடைமடையில் நிறைந்த ஈரம்

மார்கழி 9, காலை 6.10
ஏரியில் பாதி நீர். மதகுகள் சீர். நகரம், வயல்கள், பறவைக் குளம் என்று மூன்று பங்கு. பிரித்துக் கொடுப்பவன் நான், இந்த மதகின் இயந்திர மூளை. இங்கே ஆள் கிடையாது. என்றாவது கண்டெடுப்பவருக்காக எழுதுகிறேன். நகரத்தின் புது விரிவாக்கப் பகுதி மறுபடியும் கூடுதல் கேட்டது. காரைக் கழுவவா என்று கேட்க எனக்கு வாய் உண்டு, உரிமை இல்லை.

மார்கழி 11, பகல் 12.40
இன்று கடைமடையின் முறை. கால்வாயின் கடைசி வயல் பொற்கொடி என்பவருடையது. நெல் பால் பிடிக்கும் நேரம். இந்த ஒரு தண்ணீர் தப்பினால் கதிரெல்லாம் பதர். ஆனால் அங்கே நட்டிருக்கும் ஈரமானி 'நிறைந்த ஈரம்' என்றது. ஈரமான வயலின் முறை நகரத்துக்குப் போக வேண்டும் என்பது சட்டம். அனுப்பிவிட்டேன்.

ஈரமானியிலேயே பேசும் கருவியும் உண்டு. அதில் அவர்: "மதகய்யா, எங்க மொறத் தண்ணி வரலியே. நெலம் வெடிச்சுக் கெடக்கு, காலே உள்ள போவுது."
நான்: "உங்கள் வயலில் ஈரம் இருக்கிறது. பொய்ப் புகார் என்று பதிவு செய்கிறேன்."

மார்கழி 12, காலை 7.05
அவர் பொய்யை நிரூபிக்கப் பறக்கும் கேமராவை அனுப்பினேன். வயல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஈரமானியின் தலையில் குங்குமம். இடுப்பில் மஞ்சள் துணி. அடியில் வேப்பிலை, சேறு. முறை தப்பாமல் தண்ணீர் வரவேண்டும் என்று தினமும் அதன் காலில் குடம் குடமாக ஊற்றிக் கும்பிட்டிருக்கிறார். கும்பிட்டது என்னைத்தான். அவரைத்தான் பொய்க்காரி என்று எழுதி வைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

மார்கழி 12, காலை 9.30
நகரத்தின் நீர்ப் பொறியாளர், எனக்கும் மேலதிகாரியான வில்வநாதனிடம் கேட்டுப் பார்த்தேன். "டேங்க்ல ஏறினது ஏறினதுதான்பா. திருப்பி எப்படி விடுறது?" மிச்சம் இருந்தது பறவைக் குளத்தின் பங்கு. குளத்தின் நடுத்திட்டுப் புதர்களில் குஞ்சுகள் இருப்பது தெரியும். தெரிந்தேதான் எடுத்தேன், கடைமடைக்குத் திறந்தேன்.

"வந்துட்டுது மதகய்யா. கும்புட்டது வீண் போவல."
அவர் ஊற்றியதால்தான் தண்ணீர் நின்றது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வெட்கத்தில் வாய் வரவில்லை. "நல்லது" என்றேன். நல்லதாம்.

மார்கழி 14, மாலை 4.15
குளம் சேறாகிவிட்டது. நாய்கள் நடந்தே திட்டுக்குப் போயின. குஞ்சுகள் இல்லை.
வில்வநாதன்: "இனிமே உன் இஷ்டத்துக்குத் திறக்க முடியாது. பேச்சையும் கட் பண்றேன். மானி சொல்றபடி தானா நடக்கும், நீ எழுதி வை போதும்."
அவர் மேல் தப்பில்லை.

மார்கழி 16, காலை 8.20
பொற்கொடி ஊர் பூராவும் சொல்லிவிட்டார். எல்லா ஈரமானிகளிலும் மஞ்சள் துணி. எல்லாம் 'நிறைந்த ஈரம்' என்கின்றன. வயல் மதகுகள் தாமாக மூடுகின்றன. அத்தனை வயல்களின் முறையும் நகரத்துக்கு. வில்வநாதனுக்கு எழுதினேன். "பொங்கல் கழிச்சுப் பார்ப்போம்" என்று பதில்.

மார்கழி 19, காலை 6
கால்வாய் காய்ந்துவிட்டது. மேல்மடை வயல்களிலும் வெடிப்பு. கேட்க முடிகிறது. பேச முடியவில்லை.
ஈரமானி முன் பொற்கொடி, பின்னால் ஊர்:
"என்ன கொற வச்சோம், மதகய்யா? கோவமா? குடிக்க வச்சிருந்ததையும் கொண்டாந்துட்டோம்."
ஊற்றாதீர்கள். அம்மா, ஊற்றா
ஈரம்: நிறைந்தது. மதகு: மூடியது.