பெட்டியின் மேல் இருந்த வரி

ஞாயிற்றுக்கிழமை

எழுத்துகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகக் கோணிக்கொண்டு வருகின்றன. இந்த வயதில் எழுதப் பழகிய கை. இந்த நோட்டு பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இன்று ஆற்று மணலில் புதையாமல் தாண்டுவதற்காக ஜீப்பின் நான்கு டயர்களிலும் காற்றைக் குறைத்தேன். கரையேறியதும் புது கம்ப்ரசரால் காற்றடித்தேன். ஒரு டயர் நிரம்புவதற்குள் அது சூடேறி நின்றுவிட்டது. அதன் பெட்டியை எடுத்து எழுத்துக் கூட்டினேன். 'இரு சக்கர வாகனங்களுக்கு மட்டும்.' யார் உதவியும் இல்லாமல் நான் படித்த முதல் முழு வரி. படித்து முடிக்கும்வரை சந்தோஷமாக இருந்தது.

அதை வாங்கிய அன்று கடையில் இரண்டு பெட்டிகளைப் பார்த்து, "இதுலதான் ஜீப்புக்குன்னு போட்டிருக்குது" என்று படித்துச் சொன்னவன் என் சிநேகிதன் ஏழுமலை. சாயங்காலம் அவனிடமே கேட்டேன்.

"கடக்காரன் என் மச்சான்பா. விக்காம கெடந்துது. நீ படிப்பன்னு யாருக்குத் தெரியும்?" என்று சிரித்தான்.

கம்ப்ரசரை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வடக்கே போன என் தம்பியின் கடிதங்களை எனக்குப் படித்துச் சொன்னவனும் அவன்தான். கடைசிக் கடிதத்தில், தன்னைத் தேடி வர வேண்டாம் என்று தம்பி எழுதியிருப்பதாகச் சொன்னான். நானும் போகவில்லை.

அந்தக் கடிதம் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அச்செழுத்து எனக்கு வந்துவிட்டது. பிறர் கையெழுத்தைப் படிக்க இன்னும் வரவில்லை. அடுத்த வாரத்துக்குள் பழகிக்கொண்டு, தம்பி எழுதியதை அப்படியே இங்கே எழுதுவேன்.