வலப்பக்கம் ஒதுங்கும் ஃபின்

மார்ச் 3, செவ்வாய்

முக்குளிக்கும்போது காலில் மாட்டும் ரப்பர் துடுப்பில், குதிகால் திறந்த ஃபின்தான் வாங்குவது என்று இன்று மாலை தீர்மானித்தேன். சில நாடுகள் இதைவிடக் குறைந்த யோசனையில் போருக்குப் போயிருக்கின்றன.

ஏப்ரலில் மச்சினனும் நானும் சந்தில் இறங்குகிறோம். இரண்டு பாறைத் திட்டுகளுக்கு நடுவே கடல் இறுகி ஓடும் இடம் அது. அடியில் ஓர் ஆறே போகும். சென்ற ஆண்டு பாதி வழியில் தள்ளிவிட்டது, திரும்பினோம். குற்றம் என் பழைய ஃபினுடையது. நுனி இரண்டாகப் பிளந்த வகை, மெத்தென்றிருக்கும். மீன் வாலைப் பார்த்துச் செய்ததாகப் பெட்டியில் போட்டிருந்தார்கள். எந்த மீன் என்று போடவில்லை.

மார்ச் 5, வியாழன்

கடைக்காரர் நீளமான ஒரு ஜோடியை முதலில் காட்டினார். "நேரா போனா பறக்கும் சார். திரும்பணும்னாதான் லாரி." அடுத்தது குட்டை, அகலம், கறுப்பு ரப்பர், கல் போன்ற கனம். "பாக்க லட்சணமா இருக்காது. ஆனா நீரோட்டத்துல கைவிடாது."

என் கல்யாணப் பேச்சின்போது என்னைப் பற்றியும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்களாம். அதையே வாங்கினேன்.

பையில் போடும்போது ஒன்று சொன்னார்: "எந்த ஃபினும் தானா தள்ளாது சார். கால் குடுக்கறதைத்தான் அது தண்ணிக்குக் குடுக்கும்." தத்துவத்துக்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

நீச்சல் குளத்தில் வெள்ளோட்டம். சிலிண்டரும் முழுச் சாமான்களுமாக, தரையில் போட்டிருக்கும் கறுப்புக் கோட்டின் மேலேயே நீந்துவதாக ஏற்பாடு. பாதி தூரத்தில் கோடு எனக்கு இடப்பக்கம் போய்விட்டது. மறுபடியும். மறுபடியும்.

மேலே வந்ததும் மச்சினன் கேட்டான்: "என்ன அத்தான், கோட்டுக்கும் உங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லையா?"

என் மனைவியின் தம்பி. பள்ளியில் கணக்கு வாத்தியார். கோடு கோணினால் பொறுக்காது.

வலது ஃபினின் ரப்பர் இடதைவிட மிருது. தெளிவான உற்பத்திக் கோளாறு.

மார்ச் 9, திங்கள்

கம்பெனிக்குப் புகார் எழுதினேன். அலுவலக நேரத்தில்தான். இன்ஷூரன்ஸ் மனுக்களைப் படித்து, 'ஏற்கெனவே இருந்த கோளாறு' என்று எழுதித் திருப்பி அனுப்புவது என் வேலை. எனவே புகாரின் நடை எனக்குக் கைவந்தது. இம்முறை மனுதாரர் பக்கம் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். பொருள் உங்கள் கையை விட்டுப் புறப்படும்போதே பழுதாயிருந்தது என்று முடித்தேன். நல்ல வாக்கியம்.

மார்ச் 14, சனி

மச்சினனின் யோசனைப்படி ஃபின்களைக் கால் மாற்றிப் போட்டேன். பழுதானது இப்போது இடது காலில் என்பதால் இடப்பக்கம் ஒதுங்க வேண்டும்.

வலப்பக்கம் ஒதுங்கினேன்.

அவனுடைய ஃபினைக் கழற்றிக் கொடுத்தான். வேறு கம்பெனி. வலப்பக்கம்.

இரண்டு கம்பெனிகள் ஒரே தவறைச் செய்திருக்கின்றன. இந்தத் தொழிலின் கதி கவலைக்கிடம் என்றேன். அவன் சிரிக்கவில்லை. உடை மாற்றும்போது நான் சுவரில் சாய்ந்துகொண்டு பேன்ட் போட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்ச் 15, ஞாயிறு

மனைவி என் செருப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். "வலது மட்டும் ஏன் நுனி தேஞ்சிருக்கு?"

செருப்புகளின் தரம் இப்போதெல்லாம் முன்போல இல்லை என்றேன்.

"எல்லாக் கடையிலயும் வலது கால் செருப்பை மட்டும் மட்டமா செய்றானா? மாடிப்படி ஏறும்போது உங்க கால் தட்டுதுங்க. ரொம்ப நாளா எனக்குக் கேக்குது."

அவளே டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள்.

மார்ச் 19, வியாழன்

டாக்டரை ஏப்ரல் கடைசிக்குத் தள்ளிவைத்தேன். முதலில் சந்து. உடம்பு எங்கேயும் ஓடிவிடாது.

இன்னும் விறைப்பான ஃபின் ஒன்று இருக்கிறதாம். அதை விசாரிக்க வேண்டும்.

மார்ச் 22, ஞாயிறு

மச்சினன் வந்தான். காபியை ஆறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். புது ஃபினின் பெருமையை நான் தொடங்கியதும் குறுக்கே வந்தான்.

"சந்துல நீங்க இழுபட்டா நான் என்ன செய்வேன், அத்தான்?"

"என்ன செய்வே?"

"கூடவே வருவேன். வேற என்ன செய்ய? உங்களை விட்டுட்டு மேல வந்து அக்காகிட்ட என்ன சொல்றது?"

ஜோடியாக இறங்குபவர்களுக்கு அதுதான் விதி. எனக்கும் அவனுக்கும் பல வருடமாக அதுதான் விதி.

"உங்களுக்கு இறங்கணும்னா நான் வரேன். வரமாட்டேன்னு சொல்லல. ரெண்டு பேருக்கும் சேத்து யோசிச்சிட்டு ஃபின் வாங்குங்க."

அவனுக்குச் சின்னப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அதை அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபப்பட்டிருப்பேன், வசதியாக இருந்திருக்கும்.

மார்ச் 23, திங்கள்

டாக்டருக்கு போன் செய்தேன். வெள்ளிக்கிழமை.

மார்ச் 27, வெள்ளி

குதிகாலில் நடந்து காட்டச் சொன்னார். நடந்தேன். வலது பாதம் நிமிரவில்லை. நிமிரு நிமிருன்னு எனக்குள்ளேயே சொல்றேன் — கேக்கல. என் கால்தானே? யார் பேச்சை அது கேக்குது?

நரம்பு டாக்டரிடம் அன்றே அனுப்பினார். ஊசி குத்தி, திரையில் கோடுகளைப் பார்த்தார். சந்தேகமில்லாமல் சொல்ல இன்னும் சில பரிசோதனைகள் வேண்டும் என்றார். சொல்லும்போது என் மனைவியைப் பார்த்துச் சொன்னார். தசைக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்பு செத்துக்கொண்டு வருகிறது. இது காலிலிருந்து மேலே ஏறும். எவ்வளவு வேகம் என்று சொல்ல முடியாது.

"எப்பலேர்ந்து இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

நான் ஆயிரம் பேரிடம் கேட்ட கேள்வி. பதிலைத் தேதியோடு சொல்லாதவர்களை நம்பியதில்லை. இப்ப நான் என்னன்னு சொல்ல? போன வருஷம், சந்துல, பாதி வழியிலன்னா? அப்ப அந்தப் பழைய ஃபின் மேல தப்பே இல்லையா?

பேருந்தில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். "ஏதாவது சொல்லுங்க," என்றாள்.

மார்ச் 30, திங்கள்

ஃபின் கம்பெனியிடமிருந்து மிகவும் மரியாதையான பதில். வேறு ஜோடி அனுப்புகிறார்களாம். வருத்தம் தெரிவித்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

மச்சினன் ஃபின் கடைக்காரரோடு சந்தில் இறங்கினான். நான் படகில். வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஏறும்போது மட்டும் ஆளுக்கு ஒரு பக்கம் அக்குளில் கை கொடுத்தார்கள், பேசிக்கொண்டே, தற்செயல்போல.

காற்றுக் குமிழிகள் திட்டைச் சுற்றிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கொத்து, பக்கத்தில் பக்கத்தில். பிறகு தெரியவில்லை. படகோட்டி எஞ்சினை நிறுத்திவிட்டு, "உங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்லையா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

திட்டுக்கு அந்தப் பக்கம் ஏறி வந்தார்கள். மச்சினன் முகமூடியைக் கழற்றி, "முழுசா கடந்துட்டோம் அத்தான்," என்றான். சொன்ன பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு முதுகுப் பட்டையை அவிழ்க்க ஆரம்பித்தான். அதற்கு வெகு நேரம் பிடித்தது அவனுக்கு.

மே 2, சனி

கட்டிலைக் கழற்றி மாடியிலிருந்து முன்னறைக்கு இறக்கினார்கள். தலைமாட்டை மச்சினன் பிடித்தான், கால்மாட்டை அவள் பிடித்தாள்.