கழுவிய வாசல்

16-5-1996, வியாழன்

பேத்தி வித்யா இன்று காலை இமயமலை ஏறக் கிளம்பிவிட்டாள். கூட ஆபீஸ் சிநேகிதிகள் நாலு பேர். ஒன்பது நாள் கயிறு கட்டிக்கொண்டு பனியில் நடப்பார்களாம்.

"மேல போனா மூச்சு விடவே காத்து பத்தாதாம் பாட்டி" என்று சிரித்தாள்.

"இதுல சிரிப்பு வேறயாடி உனக்கு?" என்றேன்.

அவள் ஆட்டோ தெருமுனை திரும்பியதும் குழாயில் தண்ணீர் வந்தது. மூன்று நாளாக வராத தண்ணீர். வாளி வாளியாகப் பிடித்து, கூடத்திலிருந்து வாசல்வரை நானே கழுவித் தள்ளினேன். மருமகள் ஓடிவந்து துடைப்பத்தைப் பிடுங்கினாள்.

"என்ன அத்தே இது! பொண்ணு இப்பத்தானே படி எறங்குச்சு!"

பிணம் போன வீட்டைத்தான் உடனே கழுவுவார்கள். ஊருக்குக் கிளம்பியவர் பின்னாலேயே கழுவக் கூடாது. எனக்குத் தெரியாததா? என் வீட்டுக்காரர் பம்பாய்க்குக் கிளம்பிய அன்று என் ஓர்ப்படி சரோஜா இதையேதான் செய்தாள். அவர் உயிரோடு திரும்பவில்லை. "தண்ணி வந்துச்சுக்கா, நெனப்பில்லாம செஞ்சிட்டேன்" என்று காலைப் பிடித்து அழுதாள். நான் நம்பவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஆகிறது, அவள் முகத்தில் விழிக்கவில்லை. அவள் மகள் கல்யாணத்துக்கும் போகவில்லை.

வித்யா டில்லி போனதும் போன் செய்வாளாம். மலை ஏறிவிட்டால் இறங்கும்வரை போனே கிடையாதாம்.

மருமகள் ராத்திரி சாப்பாட்டை என் முன்னால் வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "நெனப்பில்லாம செஞ்சிட்டேன்மா" என்றேன். கேட்காத மாதிரி உள்ளே போய்விட்டாள்.