வலக்கைப் பிடி

நிலவுத் தென்துருவத் தளம், இயக்க அறை
பதிவு: பூங்கோதை

திங்கள், 09:10
வெளிக்கருவிகள் இயல்பு. நேற்றும் முழுநாள் நாற்காலியில். கழுத்திலிருந்து வலது மணிக்கட்டு வரை வலி, மூன்றாவது வாரம். கையுறை மாட்டி நான் கையை இறுக்கினால் வெளியே இரும்புக்கை இறுகும். அது படிப்பது விரல்களை அல்ல, தசையை. நாளெல்லாம் இறுக்குவதுதான் என் வேலை. மாற்று ஆள் கேட்டேன். பூமியிலிருக்கும் மேற்பார்வையாளர் நீலமேகம் களிம்பு தடவச் சொன்னார்.

செவ்வாய், 08:40
பிடியைப் பூட்டும் திரைப் பொத்தானைப் பூமியிலிருந்தே நீக்கிவிட்டார்கள். பூட்டிவிட்டு நான் கையை உதறுவதைக் கேமராவில் பார்த்தார்களாம். காபிக் குவளையை இடக்கையால் தூக்குகிறேன்.

புதன், 13:05
விபத்து. இங்கே என்னோடு இருப்பவர் எபநேசர் ஒருவர்தான், தூத்துக்குடிக்காரர். பனிக்குழிக்குள் பாதி தூரம் இறங்கியிருந்தார். மேலே கம்பிவடம் கழன்றது. இரும்புக்கையால் வடத்தை எட்டிப் பிடித்துவிட்டேன். அந்த உலுக்கலில் அவர் தோள் பிசகிவிட்டது, ஏற முடியாது. ஒற்றை இரும்புக்கையால் இழுக்கவும் முடியாது. பக்கத்துத் தளத்திலிருந்து வண்டி கிளம்பிவிட்டது. நான்கு மணிக்கு வரும். அதுவரை பிடிக்க வேண்டும்.

"யக்கா, பிடிச்சிருக்கியளா?"

"பிடிச்சிருக்கேன்."

13:50
இடக்கையால் தட்டச்சு செய்கிறேன். பூட்டுப் பொத்தானைத் திருப்பித் தரச் சொல்லிக் கெஞ்சினேன். நீலமேகத்தின் பதில்: "நான் மட்டும் முடிவெடுக்க முடியாதும்மா. நாளைக்குக் கூட்டத்துல வைக்கிறேன்."

14:40
விரல்களைச் சுற்றி நாடாவை இறுக ஒட்டிப் பார்த்தேன். பயனில்லை. தசை தளர்ந்தால் இரும்பும் தளரும். முழங்கைக்குள் கொதிஎண்ணெய் ஊற்றியது போல் இருக்கிறது. கத்த முடியாது, அவருக்குக் கேட்கும். அவரோ சிரிக்கிறார்.

"ஒங்களுக்கும் தோளுதான நோவு? இப்பம் ரெண்டு பேருக்கும் ஒண்ணாப் போச்சு."

15:20
வண்டியின் விளக்கு தெரிகிறது. இன்னும் தூரம். தோள் நடுங்குகிறது. சுண்டுவிரல் இருக்கிறதா தெரியவில்லை. உதட்டைக் கடித்ததில் ரத்தம்.

"யக்கா, ஒங்க மூச்சு ஒரு மாதிரி கேக்கு."

ஒன்றுமில்லை என்றேன். அவர் மெதுவாக:

"விட்றாதீய, என்னா."

15:31
வலி நின்றது. கழுத்து, தோள், மணிக்கட்டு எல்லாம் ஒரே நொடியில். அப்படியொரு சுகம். கண்ணை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டு சாய்ந்தேன்.

பிறகுதான் திரையைப் பார்த்தேன்.

இரும்புக்கை விரிந்திருந்தது.

அவர் ஒலிவாங்கி இன்னும் வேலை செய்கிறது. அதில் ஒன்றும் இல்லை.

16:12
வண்டி வந்துவிட்டது. நீலமேகம் பேசினார். மூன்று வாரத்தில் முதல்முறையாகக் கேட்டார்: "கை இப்ப எப்படிம்மா இருக்கு?"

வலி இல்லை என்றேன்.

"நல்லது. அப்ப கையுறைய மாட்டுங்க. அவர மேல எடுக்கணும்."

நான் அதைக் கழற்றவே இல்லை.